கேட்காமல் செய்த பொருத்தனை

எங்கள் சபையில் கர்ப்பிணிக்கு வளைகாப்பு கிடையாது. வளையல் அடுக்குவது அஞ்ஞானப் பழக்கமாம். அதற்குப் பதிலாக ஏழாம் மாதம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பார்கள். பெண்கள் வந்து பாடி, ஜெபித்து, வயிற்றிலிருக்கும் பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று வரிசையாகச் சாப்பிட்டுப் போவார்கள். வளையல்தான் அஞ்ஞானம். சோற்றுக்கு விலக்கு உண்டு.

எனக்கு அந்தக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை அரியலூரில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. எனக்கு அம்மா இல்லை. அப்பா பெரம்பலூரில் அண்ணனோடு இருக்கிறார். அதனால் ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகும் வழக்கமும் எனக்கில்லை, எல்லாம் மாமியார் பொறுப்புதான். அவர் மூன்று நாள் முன்பிருந்தே ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே சிமெண்ட் லாரிகள் போகப் போக, துடைத்த இடத்தில் மறுபடி தூசி படிந்தது. அவர் மறுபடி துடைத்தார்.

என்னை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பாஸ்டரம்மா என் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். அவருடைய ஜெபம் நீளமானது. முதலில் உலக சமாதானம், பிறகு தேசம், பிறகு மாவட்டம், பிறகு எங்கள் தெரு, அதற்கும் பிறகுதான் என் வயிற்றுக்கு வருவார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். அதாவது, அப்படியே ஆகட்டும் என்று. எனக்கு இடுப்பு வலித்தது, பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இடைவெளி வரும்போதெல்லாம் கூடவே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் சொன்னார். "ஆண்டவரே, உமது அடியாள், இந்த வூட்டுப் பெரியம்மா, ஏழு வெள்ளி உபவாசமிருந்து செஞ்ச பொருத்தனைய நெனைச்சருளும். இந்த ஆண்பிள்ளைய உம்ம ஊழியத்துக்குன்னு அவங்க ஒப்புக்கொடுத்தபடியே ஏத்துக்கொள்ளும்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். நானும் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது மூளைக்குப் போனது. கண்ணைத் திறந்து மாமியாரைத் தேடினேன். அவர் சுவரோரம் முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தார், சந்தோஷமாக.

நான் குன்னத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் என்று பத்து வருடமாக மற்றவர்கள் சொத்தைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழும் ஆட்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்ப்பேன். அவர்களிடம் எனக்கு இரக்கம் இருந்ததே இல்லை. கண் எங்கே போச்சு என்று மனதுக்குள் திட்டுவேன்.

பொருத்தனை என்பது கடவுளிடம் சொல்லும் வாக்கு. நீர் இன்னது தந்தால் நான் இன்னது செய்வேன் என்று. மற்றவர்கள் நேர்த்திக்கடன் என்பார்கள், நாங்கள் பொருத்தனை என்போம். என் மாமியார் செய்த பொருத்தனை இதுதான்: மருமகள் வயிற்றில் ஒரு ஆண்பிள்ளை தங்கினால், பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவனை ஊழியப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பிவிடுவார். அவனுக்கு வேறு படிப்பில்லை, வேறு வேலையில்லை. எங்கள் சபையிலிருந்து அப்படிப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் திரும்பி வரவேயில்லை. இன்னொருவர் திரும்பி வந்தார், ஆனால் யாரோடும் பேசுவதில்லை.

ஆண்பிள்ளை என்று எந்த ஸ்கேனும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பாஸ்டருக்குத் தரிசனத்தில் தெரிந்ததாம்.

பெண்கள் கை கழுவிவிட்டுப் போனதும் மாமியாரிடம் போனேன். "அத்த, என்னையக் கேக்கணும்னு தோணலியா ஒங்களுக்கு?"

"ஆண்டவருக்குக் குடுக்கறதுக்கு ஒங்கிட்ட எதுக்கும்மா கேக்கணும்?" என்றார். குரலில் எந்த எரிச்சலும் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அவரு குடுத்தது, அவருக்கே போவுது."

"சொமக்கறது நான்."

"ஆமென் சொன்னியேம்மா நீயும்."

வேதத்தில் ஒரு பெண் உண்டு. பிள்ளையில்லாமல் கோயிலில் போய் அழுது, ஆண்பிள்ளை பிறந்தால் உமக்கே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டவள். எங்கள் சபையில் பிள்ளையில்லாத எவளிடமும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் எனக்கு எத்தனை முறை சொன்னார்கள் என்பது நினைவில்லை. எனக்கு அவள் மேல் மரியாதை உண்டு. அவள் தன் வாயால், தன் பிள்ளையைத் தந்தாள். அவளுக்கு ஒரு மாமியார் இருந்ததாகவோ, அந்த மாமியார் ஏழு வெள்ளி பட்டினி கிடந்ததாகவோ வேதத்தில் ஒரு வரி கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பைபாஸில் லாரி டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கச் சொன்னால் மட்டும் கடையில் அவசர வேலை வந்துவிடும். கூட்டத்தன்று நாற்காலி எடுத்துப் போட வாசலில்தான் நின்றார். எல்லாம் அவர் காதிலும் விழுந்தது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"அம்மா ஒருவாட்டி சொன்னாங்க. நல்லதுக்குத்தான பண்றாங்கன்னு விட்டுட்டேன். புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்மா. பதினஞ்சு வருசம் கழிச்சு நடக்கப் போறதுக்கு இப்பயே எதுக்கு சண்ட?"

பதினைந்து வருடம் கழித்து என் பிள்ளையைப் பிரிவதற்கு இன்றைக்கே நான் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. பால் கொடுக்கும்போதும், முதல் நாள் பள்ளியில் விடும்போதும், காய்ச்சலில் நெற்றியைத் தொடும்போதும் இவன் போகப் போகிறவன் என்று நினைத்துக்கொண்டே வளர்க்க வேண்டும். அது எப்படிப்பட்ட வளர்ப்பு?

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடம் போனேன். தகரக் கூரை போட்ட எங்கள் சபையில் அவருக்கென்று ஒரு தடுப்பறை உண்டு. மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் சட்டம் சொன்னார். ஒரு பெண் பொருத்தனை செய்தால், அதைக் கேட்ட நாளிலேயே அவள் தகப்பனோ புருஷனோ வேண்டாம் என்று சொல்லி ரத்து செய்யலாமாம். ஆனால் விதவையின் பொருத்தனையை யாரும் ரத்து செய்ய முடியாதாம். அது நிற்குமாம்.

"ஒங்க மாமியார் விதவை சிஸ்டர்" என்றார்.

"அவங்க விதவைதாங்கய்யா. ஆனா வயிறு என்னுது."

"ஒங்க வீட்டுக்காரரும் கேட்டாரு, ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஆமென் சொல்லிட்டீங்க. எல்லாம் தேவ சமூகத்துல ஏறிருச்சு." மேஜை மேலிருந்த வேதத்தை மூடினார். "மூணு வருசத்துக்கு முன்ன நடந்தது ஞாபகம் இருக்கும். நான் பயமுறுத்தல. எச்சரிக்கறேன். கர்ப்பத்த அடைக்கவும் தொறக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கு."

இவரிடம் என்ன பேசுவது? என் பெயரில் பட்டா இருக்கும் நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரி யாருக்கோ தானம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், கேட்கப் போனால் சார்பதிவாளர் அவள் கையெழுத்து சரியாக இருக்கிறது என்கிறார், அந்தக் கதைதான் இது. வெளியே வந்து செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன். கோபத்தில் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். பாதி பயம்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். ஒரு புதன்கிழமை வலி வந்தது, வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் கர்ப்பப்பையின் வாய் பலவீனம் என்றார், அடுத்த முறை தையல் போடலாம் என்றார். எங்கள் சபைக்கு அந்த விளக்கம் போதவில்லை. மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் பாஸ்டரம்மா என்னை முன்னால் வரச் சொன்னார். மறைவான பாவம் எதுவோ இருக்கிறது, அறிக்கையிட்டால் விடுதலை என்றார். அடுத்த வெள்ளியும் கேட்டார். அதற்கடுத்த வெள்ளியும் கேட்டார்.

நான் தேடினேன். உண்மையாகவே தேடினேன், பள்ளிக்கூட நாள் வரை போய்த் தேடினேன். என் பிள்ளையைக் கொல்லும் அளவுக்கு என்னிடம் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில், அந்த வருடம் ஆயுத பூஜையன்று ஆபீசில் முதலாளி கொடுத்த பொரிகடலையைச் சாப்பிட்டேன் என்று சொன்னேன். படைத்த பொரி. ஒரு கைப்பிடி இருக்கும். பசித்தது, சாப்பிட்டேன்.

"அதுதான்" என்றார் பாஸ்டரம்மா. சபையே பெருமூச்சு விட்டது. என்னை முழங்கால் போடச் சொல்லி, தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார்கள். ஒரு கைப்பிடி பொரிக்கு ஒரு பிள்ளை என்று நானும் நம்பத் தொடங்கினேன். அதன் பிறகு ஆயுத பூஜைக்கு லீவு போட்டுவிடுவேன். முதலாளிக்குக் காரணம் தெரியாது.

இந்த முறை தையல் போட்டார்கள், பிள்ளை தங்கியது. பாஸ்டரின் எச்சரிக்கைக்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. என்னவென்று ஜெபிப்பது? காப்பாற்றும் என்றால், உனக்காகவா எனக்காகவா என்று கேட்பார் போல இருந்தது. அரியலூரிலிருந்து குன்னத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வயிற்றில் கை வைத்துக்கொள்வேன். பிள்ளை உதைக்கும். முன்பெல்லாம் சிரிப்பு வரும், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லத் தோன்றும். இப்போது உதைத்தால், இருக்கிறான், இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். என் சந்தோஷத்தை இவர்கள் அப்படி ஆக்கிவிட்டார்கள். அதற்காக நான் யாரையும் மன்னிக்கவில்லை, இன்றுவரை.

கடவுளிடமும் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று பாடுவேன், வாய் மட்டும் அசையும். உமக்கு ஊழியக்காரர்கள் பஞ்சமா, ஊரில் இத்தனை பேர் இருக்க என் வயிற்றில் வந்துதான் ஆள் பிடிக்க வேண்டுமா என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

எட்டாம் மாதம் பாதியில் ஒரு நாள், ஆபீசில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு கிணறு. நான்கெல்லை அடிக்கும்போது நினைவு வந்தது, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. பஸ்ஸில் அசைந்ததா என்று யோசித்தேன். இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் தின்று தீர்த்தேன். பெஞ்சில் இடப்பக்கமாகப் படுத்தேன். வந்திருந்த அண்ணன் தம்பிகள் எழுந்து வெளியே போய் நின்றார்கள். ஒன்றும் இல்லை. வயிறு கல்லாகக் கிடந்தது.

முதலாளி எதுவும் கேட்கவில்லை. காரை எடுத்தார். "பெரம்பலூர்தானம்மா? ஏறு" என்றார். அவ்வளவுதான்.

வழியெல்லாம் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. நான் பின் சீட்டில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மாதமாகப் பேசாதவரிடம் பேசினேன். தந்துவிடுகிறேன் என்றேன். அத்தை சொன்னபடியே தந்துவிடுகிறேன், வடக்கே அனுப்பிவிடுகிறேன், கேள்வி கேட்க மாட்டேன், இப்போது மட்டும் எடுத்துக்கொள்ளாதேயும். வாய்விட்டுச் சொன்னேனா என்று தெரியவில்லை. முதலாளி கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். பிறகு சத்தம் வந்தது. கடகடவென்று, நிற்காமல். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, பாப்பா தூங்குது. அம்மாதான் முழிச்சுக்கிட்டு ஊரையே எழுப்பிட்டீங்க" என்றார். நான் அழுதேன். நர்ஸ் துடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தாள்.

முதலாளியை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றும்படி வந்தது. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். கழுத்தில் கத்தியை வைத்து வாங்கிய கையெழுத்து செல்லாது என்று எந்த வக்கீலும் சொல்வான். ஆனால் கத்தியை வைத்தது யார்? கடவுள் வைக்கவில்லை, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கத்தியைத் தடுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என் கையில் கொடுத்தார்கள், நானே எடுத்து என் கழுத்தில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கடையிலிருந்து வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். காரில் நான் சொன்ன வாக்கையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா. தந்துர்றேன்னு சொன்ன ஒடனே புள்ள அசைஞ்சிருச்சு."

"புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு அத்த. ஊழியத்துக்கு ஆளு வேணும்னா ஒங்க புள்ளயக் குடுத்திருக்கலாமே? ஒங்களுக்கும் ஒண்ணு இருந்துச்சே. அதக் குடுக்காம டயர் கடை வச்சுக் குடுத்துட்டு, எம் புள்ளயத் தூக்கிக் குடுக்கறீங்க."

குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். அப்படிப் படும் என்று நினைக்கவில்லை. கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது.

"குடுத்தேன்" என்றார்.

"என்னது?" என்றேன்.

"அவனுக்கு ரெண்டு வயசுல மூளக் காய்ச்சல் வந்துச்சு. பொழைக்க வச்சா ஒம்ம ஊழியத்துக்குத் தந்துர்றேன்னு பொருத்தன பண்ணேன். பொழைச்சான். பத்தாவது முடிச்சப்ப அப்ப இருந்த பாஸ்டர் ஐயா வந்து கேட்டாரு. அடுத்த வருசம்னேன். மறு வருசமும் அடுத்த வருசம்னேன். இவங்கப்பா போயி ஆறு மாசம் கூட ஆவல அப்ப. ஒத்தப் புள்ள. எனக்கு மனசு வரல." வெங்காயத் தோலைக் கையால் கூட்டிக் குவித்தார். "அந்தப் பாஸ்டரும் எறந்துட்டாரு. யாருக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்ல. அதான் ஒனக்குத் தங்கல. நான் குடுக்காதத அவரு ஒங்கிட்ட எடுத்துக்கிட்டாரு. அதான் இந்தப் புள்ளயயாச்சும் குடுத்துருவோம்னு."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. இருவரும் அதை இறக்கவில்லை.

"அப்ப பொரி?" என்றேன்.

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"பொரி தின்னதாலதான்னு சொல்லி எல்லார் முன்னாடியும் என்னைய முட்டி போட வச்சாங்களே அத்த. நீங்க அன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"ரெண்டாவது வரிசைல" என்றார்.

மூன்று வெள்ளிக்கிழமை. நான் என் பாவத்தைத் தேடி அலைந்த மூன்று வெள்ளிக்கிழமையும் அவர் இரண்டாவது வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். காரணம் தனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் நம்பியது தப்பாகவே இருக்கட்டும். என் கர்ப்பப்பையின் வாயில் இருந்த பலவீனத்துக்கும் அவருடைய பொருத்தனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமலே இருக்கட்டும். ஆனால் அவர் அதை நம்பினார். நம்பிக்கொண்டே என்னை முழங்கால் போட விட்டார்.

அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புருஷனை இழந்து, ஒரே பிள்ளையையும் அனுப்ப முடியாமல் இத்தனை வருடம் உள்ளே பயந்து செத்துக்கொண்டிருந்த பெண்தான். எல்லாம் புரிந்தது. புரிந்தும் வரவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம சபையில எந்திரிச்சு இதச் சொல்லுங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் என் கையைப் பிடித்தார். வெங்காய ஈரத்தோடு பிடித்தார். "அவங்கிட்ட சொல்லிராதம்மா. ஒங் கால்ல வேணா வுழுவுறேன். தெரிஞ்சா கடையப் பூட்டிட்டுப் போயிருவான். அவன் அப்படித்தான், ஒனக்கே தெரியும். அம்மா வாக்குன்னா போயிருவான்."

எனக்குத் தெரியும். அவர் போய்விடுவார். மனைவிக்காக வாயைத் திறக்க மாட்டார், ஆனால் அம்மா கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்றால் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சபையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பிள்ளை தப்பிவிடும். பழைய பொருத்தனை நிற்கும்போது புதியது எதற்கு? பிள்ளைக்குப் பதில் அப்பா போவார்.

ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்தே அவருக்குப் போன் செய்திருந்தேன். கையெல்லாம் டயர் கறுப்பு. "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே என் வயிற்றைத் தொடப் போய், கறுப்பைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எனக்கும் மனசு வரவில்லை.

அன்று என் மாமியாரை நான் வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. அவர் செய்ததையே நானும் செய்ய வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். அதன் பிறகு பிரசவம் வரைக்கும் அடுப்படியில் நாங்கள் இரண்டு பேரும் உப்பு, புளி தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

பிள்ளை பெரம்பலூரில் பிறந்தது. சுகப்பிரசவம், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெண்.

நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கு வேறெதுவும் நினைவில்லை. காது மடலில் மெல்லிய முடி இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டரின் தரிசனம், மாமியாரின் பொருத்தனை, நான் காரில் கொடுத்த வாக்கு எல்லாம் மறுநாள் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்கும்வரை மறந்துபோயிருந்தன. அவர்களைப் பார்த்ததும் பிள்ளையை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன். என்ன கேட்டாலும் தரமாட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஒரு வாரமாக மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த பேச்சு அது.

பாஸ்டர் எட்டிப் பார்த்தார். "பெண் பிள்ளையா. ஸ்தோத்திரம்" என்றார். பிறகு என் மாமியார் பக்கம் திரும்பினார். "கவலப்படாதீங்கம்மா. ஒங்க பொருத்தன ஆண்பிள்ளைக்குத்தான. இது அதுல வராது. அடுத்தது ஆண்பிள்ளையாக் குடுப்பாரு, அப்பப் பாத்துக்கலாம்."

"ஸ்தோத்திரம்" என்றார் மாமியார். அந்தப் பெருமூச்சு எனக்குக் கேட்டது. பிறந்ததிலிருந்து தள்ளியே நின்றிருந்தவர், அப்போதுதான் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

அவ்வளவுதான். என் தூக்கம், என் ஜெபம், எட்டாம் மாதத்தில் நான் காரில் செத்துப் பிழைத்தது எல்லாம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏங்கய்யா, இவ வேணாமா?" என்றேன்.

அவர் நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "பொம்பளப் புள்ளய எப்படி சிஸ்டர் ஊழியத்துக்கு அனுப்பறது?"

பாஸ்டரம்மா பக்கத்தில்தான் நின்றார். வெள்ளிதோறும் பட்டினி கிடந்து கூட்டம் நடத்துகிறவர், வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறவர், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்கிறவர். அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலை அலமாரியில் வைத்து, அதன் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் மாமியாரிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். பால் கொடுத்தபடியே, காரில் பேசியதற்குப் பிறகு முதல் முறையாகக் கடவுளோடு பேசினேன். மரியாதையாகப் பேசவில்லை. இவளை உம்முடைய ஆட்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், உமக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை இவளை நான் யாருக்கும் தருவதாக இல்லை, அவருக்கும்கூட.